முதல் ஃபைட்டர் மீன்: தொட்டி வைப்பது முதல் முதுமைக் காலப் பராமரிப்பு வரை

வண்ண மீன் கடைகளில் சிறு பிளாஸ்டிக் டப்பாக்களை அடுக்கி, டப்பாவுக்கு ஒன்றாக விற்கப்படும் நீண்ட துடுப்பு மீனைத் தமிழகத்தில் பெரும்பாலோர் 'ஃபைட்டர்' என்றே அழைக்கிறார்கள். 'பெட்டா' என்ற பெயர் அண்மைக் காலத்தில்தான் பரவி வருகிறது. "இதற்கு மோட்டாரே வேண்டாம், ஒரு பாட்டில் போதும்" என்று கடையில் சொல்லக் கேட்டு, ஒரு லிட்டர் கண்ணாடிக் குடுவையோடு என் முதல் மீனை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மூன்று வாரம் கழித்து ஒரு காலையில் அது குடுவையின் அடியில் கிடந்தது. தண்ணீர் தெளிவாகத்தான் இருந்தது. அந்தத் தெளிவான தண்ணீரில் என்ன கலந்திருந்தது என்பது பல மாதங்களுக்குப் பிறகே எனக்குப் புரிந்தது. அதனால்தான் இந்த வழிகாட்டியில் மீன் வாங்கும் படி நடுவில் வருகிறது. தொட்டி, தண்ணீர், வடிகட்டி ஆகிய மூன்றும் தயாரான பிறகே மீன் வீட்டுக்குள் வர வேண்டும்.

குடுவையில் பிழைக்கும் மீன் என்ற நம்பிக்கை

பெட்டா தாய்லாந்தையும் அதைச் சூழ்ந்த நாடுகளையும் சேர்ந்த மீன். 'பெட்டா ஸ்ப்லெண்டென்ஸ்' என்ற அறிவியல் பெயரை 1910ஆம் ஆண்டு ரீகன் என்ற ஆங்கிலேய விலங்கியலாளர் சூட்டினார். தாய் மொழியில் இதற்குப் 'பிளா கட்', அதாவது கடிக்கும் மீன், என்று பெயர். 2019ஆம் ஆண்டு தாய்லாந்து அரசு இதைத் தன் தேசிய நீர்வாழ் உயிரினமாக அறிவித்தது. இன்று நம் கடைகளில் கிடைப்பவை காட்டிலிருந்து பிடித்து வந்தவை அல்ல. சென்னைக் கொளத்தூர் போன்ற வண்ண மீன் வணிக மையங்களுக்குப் பண்ணை மீன்களே வருகின்றன.

இந்த மீனின் செவுள்களுக்கு மேலே 'லேபிரிந்த்' எனப்படும் மடிப்பு மடிப்பான ஓர் உறுப்பு உண்டு. அதன் உதவியால் பெட்டா நீர்ப்பரப்புக்கு வந்து காற்றை நேரடியாக விழுங்கிச் சுவாசிக்கிறது. இந்த உறுப்பு நமக்குப் புதியதல்ல. நம் வயல்களிலும் குளங்களிலும் உள்ள பனையேறிக் கெண்டைக்கும் இதுவே இருக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் தரங்கம்பாடியில் இருந்த டால்டார்ஃப் என்ற டேனிஷ் படை அதிகாரி, அந்தக் கெண்டை பனைமரத்தில் ஏறக் கண்டதாகவே எழுதிவைத்தார். பனை ஏறியதோ இல்லையோ, ஈரச் செதில்களோடு தரையில் ஊர்ந்து செல்லும் அளவுக்கு அதற்குக் காற்றைச் சுவாசிக்கத் தெரியும்.

குடுவை நம்பிக்கை இங்கிருந்துதான் பிறக்கிறது. பிராணவாயு குறைந்த தண்ணீரிலும் பெட்டா மூச்சுத் திணறுவதில்லை என்பது உண்மை. ஆனால் தன் கழிவிலிருந்து உருவாகும் அம்மோனியாவிலிருந்து அந்த உறுப்பு அதைக் காப்பாற்றாது. அம்மோனியா செவுள்களையும் தோலையும் அரிக்கிறது, அதற்கு நிறமில்லை, சிறு அளவில் வாடையும் தெரியாது. வேறு மீனாக இருந்தால் அதே குடுவையில் இரண்டு நாளில் இறந்து நமக்குப் பாடம் கற்பித்திருக்கும். பெட்டா வாரக்கணக்கில் தாங்கிக்கொண்டு மெல்ல இறப்பதால், அதை நாம் 'தாங்கும் மீன்' என்று எண்ணிவிடுகிறோம். காட்டில் அது வாழும் நெல்வயல்களும் வாய்க்கால்களும் ஆழம் குறைந்தவை என்றாலும், பரப்பில் விரிந்தவை, செடிகள் நிறைந்தவை என்பதையும் மறந்துவிடுகிறோம்.

முதல் படி: தொட்டியும் அதன் இடமும்

ஒரு பெட்டாவுக்கு 20 லிட்டர் தொட்டி வாங்குங்கள். பத்து லிட்டரிலும் வளர்ப்பவர்கள் உண்டு. ஆனால் தண்ணீரின் அளவு குறையக் குறைய ஒரு சிறு தவறின் விளைவு வேகமாகப் பெருகும் என்பதால், அனுபவமில்லாதவருக்கே பெரிய தொட்டி அதிகம் தேவைப்படுகிறது. 16 அங்குல நீளம், 8 அங்குல அகலம், 10 அங்குல உயரம் கொண்ட கண்ணாடித் தொட்டி ஏறத்தாழ 20 லிட்டர் கொள்ளும். உயரமான தொட்டியைவிட நீளமானது நல்லது. ஒவ்வொரு முறையும் காற்றுக்காக மேலே வர வேண்டிய மீனுக்கு நீண்ட துடுப்புகளே பெரும் சுமை.

மூடி கட்டாயம் வேண்டும். பெட்டா துள்ளும், மூடாத தொட்டியில் வளர்த்த பலர் ஒரு நாள் அதைத் தரையில் காய்ந்த நிலையில் கண்டெடுத்திருக்கிறார்கள். மூடிக்கும் நீர்ப்பரப்புக்கும் இடையே நான்கைந்து சென்டிமீட்டர் காற்று வெளி இருக்கட்டும், மூடியில் காற்றோட்டத்துக்குத் துளைகளும் இருக்கட்டும்.

நிரம்பிய தொட்டி, சரளைக் கற்களோடு சேர்ந்து 25 கிலோவை நெருங்கும். ஆகவே ஆடாத மேசை வேண்டும். கண்ணாடிக்கு அடியில் ஒரு தெர்மாகோல் அட்டை வைத்தால் மேசையின் சிறு மேடுபள்ளங்கள் கண்ணாடியை விரியச் செய்யாது. நேர் வெயில் படும் சன்னலோரம், குளிர்சாதனக் காற்று நேராக வீசும் இடம், சமையலறைப் புகை சூழும் இடம் ஆகியவற்றைத் தவிர்க்கவும். கொசுவிரட்டி திரவமும் பூச்சி மருந்துத் தெளிப்பும் மீனுக்கு நஞ்சு என்பதால் தொட்டி இருக்கும் அறையில் அவை கூடாது. புதுத் தொட்டியைத் தண்ணீர் நிரப்பி ஒரு நாள் முழுக்க வைத்துக் கசிவு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மேற்கொண்டு செல்லுங்கள்.

இரண்டாம் படி: வடிகட்டி, வெப்பம், செடி

பெட்டாவுக்கு ஏற்றது ஸ்பாஞ்ச் வடிகட்டி. வெளியில் இருக்கும் காற்று மோட்டார் ஒரு குழாய் வழியே காற்றை அனுப்ப, குமிழிகள் மேலெழும்போது தண்ணீர் ஸ்பாஞ்சின் வழியே இழுக்கப்படுகிறது. விலை குறைவு, நீரோட்டம் மென்மையானது, மீனின் துடுப்பை உறிஞ்சிக் கிழிக்காது. மேலிருந்து அருவியாகக் கொட்டும் வகை வடிகட்டிகள் நீண்ட துடுப்பு மீனை ஓயாமல் நீந்த வைத்துக் களைப்படையச் செய்யும். குமிழியின் வேகத்தைக் குறைக்கக் குழாயில் ஒரு சிறு வால்வு பொருத்திக்கொள்ளுங்கள். காற்று மோட்டாரைத் தொட்டியின் நீர்மட்டத்துக்கு மேலே வையுங்கள். இல்லையேல் மின்வெட்டின்போது தண்ணீர் குழாய் வழியே பின்னோக்கி வழிந்து மோட்டாரையும் மேசையையும் நனைக்கும். மேலே வைக்க இடமில்லையென்றால் ஒருவழி வால்வு ஒன்று போதும். மின்கம்பியைத் தளர்வாகக் கீழே ஒரு வளைவு விட்டு பிளக்கில் செருகினால், கம்பி வழியே வடியும் துளி பிளக்கை எட்டாமல் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

வெப்பநிலை 24 முதல் 28 டிகிரி செல்சியஸ் வரை இருக்க வேண்டும். ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு போன்ற ஊர்களில் 25 வாட் ஹீட்டர் இல்லாமல் பெட்டா வளர்க்கக் கூடாது. சமவெளியில் ஆண்டின் பெரும்பகுதி ஹீட்டர் தேவையில்லை. மார்கழி, தை இரவுகளில் மட்டும் வெப்பமானியைக் கவனியுங்கள். நம் ஊரில் பெரிய சிக்கல் எதிர்த்திசையில்தான் இருக்கிறது. சித்திரை வெயிலில் மாடி வீட்டுத் தொட்டி 32 டிகிரியைத் தாண்டுவது வழக்கம். அப்போது மூடியைச் சற்றுத் தள்ளி வலை போட்டு மூடி, ஒரு சிறு மின்விசிறியை நீர்ப்பரப்பின் மேல் வீசச் செய்தால், ஆவியாதல் இரண்டு மூன்று டிகிரியைக் குறைத்துவிடும். ஐஸ்கட்டி போடுவது வேண்டாம். சூட்டைவிடத் திடீர் மாற்றமே மீனை அதிகம் தாக்கும்.

அடியில் இரண்டு மூன்று சென்டிமீட்டர் உருண்டைச் சரளை போதும். கூர்முனைக் கற்களும் கடினப் பிளாஸ்டிக் செடிகளும் துடுப்பைக் கிழிக்கும். ஒரு பொருளின் மேல் மெல்லிய நைலான் துணியை இழுத்துப் பாருங்கள். துணி மாட்டினால் துடுப்பும் மாட்டும். உயிர்ச்செடிகளில் அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன், ஜாவா பாசி ஆகிய மூன்றும் குறைந்த ஒளியில் வளரும். முதலிரண்டின் கிழங்குத் தண்டை மண்ணில் புதைத்தால் அழுகிவிடும். நூலால் கல்லோடோ மரத்துண்டோடோ கட்டிவிட வேண்டும். குளத்திலிருந்து வேலம்பாசி பறித்துவந்து போட ஆசை வரும். அதோடு நத்தை முட்டை, தும்பிப் புழு, ஒட்டுண்ணி எல்லாம் சேர்ந்து வரும் என்பதால் முதல் தொட்டிக்கு அது வேண்டாம். மணி பிளான்ட் கொடியின் வேர்கள் மட்டும் தண்ணீரில் நனையும்படி தொட்டியின் ஓரத்தில் தொங்கவிட்டால், அது தண்ணீரில் சேரும் நைட்ரேட்டை உண்டு செழிக்கும்.

பெட்டா வளர்ப்போர் விரும்பிப் பயன்படுத்தும் ஒரு பொருள் நம் தெருவிலேயே இலவசமாகக் கிடைக்கிறது: நாட்டு வாதுமை மரத்தின் உதிர்ந்த இலை. பள்ளிச் சிறுவர்கள் கல்லெறிந்து கொட்டை உடைத்துத் தின்னும் அதே மரம்தான். பழுத்து விழுந்து பழுப்பாகக் காய்ந்த இலையைக் கழுவி, 20 லிட்டருக்குப் பாதி இலை போடுங்கள். தண்ணீர் தேநீர் நிறத்துக்கு மாறும்; அது இலையிலிருந்து இறங்கும் டானின். தண்ணீரை இலேசாக அமிலத்தன்மைக்கு நகர்த்தி, மீனின் இயல்பான வாழிடத்தை ஒத்த மங்கிய சூழலை அது தருகிறது. மூன்று நான்கு வாரங்களில் இலை கரைந்துவிடும்போது மாற்றுங்கள். அது எல்லா நோய்க்கும் மருந்து என்று விற்கும் பேச்சை நம்ப வேண்டாம். நல்ல துணைப்பொருள், அவ்வளவுதான். வாகனப் புகை படியும் சாலையோர மரத்தின் இலையையும், மருந்து தெளித்த தோட்டத்து இலையையும் தவிர்க்கவும்.

மூன்றாம் படி: உங்கள் வீட்டுத் தண்ணீரை அறிதல்

வெளிநாட்டு வழிகாட்டிகள் 'குழாய்த் தண்ணீர்' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகின்றன. நம் வீடுகளில் ஒரே நாளில் மாநகராட்சித் தண்ணீர், போர்வெல் தண்ணீர், லாரித் தண்ணீர், கேன் தண்ணீர் என நான்கு வகை புழங்கும். நான்கும் மீனுக்கு நான்கு விதமானவை.

மாநகராட்சித் தண்ணீரிலும் லாரித் தண்ணீரிலும் குளோரின் கலந்திருக்கும். அகன்ற வாளியில் 24 மணி நேரம் திறந்து வைத்தால் குளோரின் வெளியேறிவிடும். குளோரமைன் சேர்த்திருந்தால் அது அவ்வாறு வெளியேறாது என்பதால், மீன் கடைகளில் கிடைக்கும் குளோரின் நீக்கித் துளிகளைக் குப்பியில் குறித்துள்ள அளவில் எப்போதும் சேர்ப்பதே பாதுகாப்பு. போர்வெல் தண்ணீரில் பொதுவாகக் குளோரின் இருக்காது. அதன் சிக்கல் கடினத்தன்மை. தண்ணீரில் கரைந்துள்ள உப்புகளின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டர் 500க்குள் காட்டினால் கவலையின்றிப் பயன்படுத்தலாம்; ஆயிரத்தைத் தாண்டினால் பாதிக்குப் பாதி ஆர்ஓ தண்ணீர் கலந்துகொள்ளுங்கள். ஆர்ஓ தண்ணீரையோ கேன் தண்ணீரையோ மட்டும் நிரப்புவது தவறு. தாதுக்கள் நீங்கிய அந்தத் தண்ணீரில் அமிலம் சேரும்போது அதைத் தாங்கிப்பிடிக்க எதுவும் இருக்காது. தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பிஎச் அளவு திடீரெனச் சரிந்துவிடும்.

பிஎச் 6.5க்கும் 7.5க்கும் இடையில் இருப்பது விரும்பத்தக்கது. போர்வெல் தண்ணீரில் 8 வரை காட்டினாலும், அதைக் குறைக்க ரசாயனத் துளிகளை வாங்க வேண்டாம். நிலையான 8, வாரந்தோறும் ஏறி இறங்கும் 7ஐவிட நல்லது. ஆனால் ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பிஎச் ஓர் அலகு ஏறும்போது தண்ணீரில் உள்ள அம்மோனியாவில் நச்சுத்தன்மை கொண்ட பங்கு ஏறத்தாழப் பத்து மடங்காகிறது; வெப்பம் ஏறும்போதும் அது கூடுகிறது. போர்வெல் தண்ணீரும் கோடை வெயிலும் சேர்ந்த நம் ஊர்த் தொட்டியில், சிறிதளவு அம்மோனியா கூட அதே அளவில் குளிர்நாட்டுத் தொட்டியில் செய்வதைவிட அதிகக் கேடு செய்யும்.

நான்காம் படி: மீன் இல்லாத தொட்டியை ஓட விடுதல்

இந்தப் படியைத் தாண்டிக் குதிப்பவர்களே அதிகம். என் முதல் மீனைக் கொன்றதும் இந்தத் தாண்டல்தான். மீனின் கழிவும் மிஞ்சிய உணவும் அம்மோனியாவாகின்றன. ஒரு வகை நுண்ணுயிர்கள் அதை நைட்ரைட்டாக மாற்றுகின்றன, நைட்ரைட்டும் நஞ்சே. அடுத்த வகை நுண்ணுயிர்கள் நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றுகின்றன. இது குறைந்த அளவில் தீங்கற்றது, தண்ணீர் மாற்றும்போது வெளியேறிவிடும். இந்த நுண்ணுயிர்கள் பெரும்பாலும் ஸ்பாஞ்சின் நுண்துளைகளில் குடியிருக்கின்றன. புதுத் தொட்டியில் அவை இல்லை; அவை பெருகி நிலைபெற நான்கு முதல் ஆறு வாரம் ஆகும்.

தொட்டியை நிரப்பி, வடிகட்டியை இரவும் பகலும் ஓட விட்டு, மீன் இருப்பதுபோல் நாள்தோறும் ஒரு சிட்டிகை மீன் உணவைப் போட்டு வாருங்கள். அது அழுகி அம்மோனியா தரும். திரவத் துளிகளால் சோதிக்கும் கருவி ஒன்றை வாங்கி வாரம் இருமுறை அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட் மூன்றையும் பாருங்கள். முதலில் அம்மோனியா ஏறும். பின்னர் அது இறங்க நைட்ரைட் ஏறும். கடைசியில் இரண்டும் பூஜ்யமாகி நைட்ரேட் மட்டும் தெரியும். உணவு போட்ட பிறகும் தொடர்ந்து சில நாட்கள் இரண்டும் பூஜ்யமாக இருந்தால் தொட்டி தயார். அப்போது பாதித் தண்ணீரை மாற்றிவிட்டு மீன் வாங்கக் கிளம்பலாம்.

இந்தக் காத்திருப்பைச் சுருக்க ஒரே நம்பகமான வழி, நோயின்றி நெடுநாள் ஓடும் தொட்டி வைத்திருக்கும் நண்பரிடம் அழுக்கேறிய ஸ்பாஞ்சு ஒன்றைக் கேட்டு வாங்கி, ஈரம் காயாமல் கொண்டுவந்து உங்கள் தொட்டியில் போடுவது. 'உடனடி நுண்ணுயிர்' என்று குப்பியில் விற்பவை சில நேரம் உதவும், சில நேரம் வெறும் தண்ணீராகவே இருக்கும். சோதனைக் கருவி சொல்வதை மட்டும் நம்புங்கள்.

இதைப் படிக்கும்போதே உங்கள் வீட்டில் மீன் வந்துவிட்டது என்றால், அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை. நாள்தோறும் சோதித்து, அம்மோனியாவோ நைட்ரைட்டோ 0.25 பிபிஎம்மை (லிட்டருக்கு 0.25 மில்லிகிராம்) எட்டும்போதெல்லாம் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை தண்ணீரை மாற்றுங்கள். உணவைப் பாதியாகக் குறையுங்கள். ஒன்றரை மாதம் உழைப்பு அதிகம், ஆனால் மீன் பிழைத்துவிடும்.

ஐந்தாம் படி: மீனைத் தேர்ந்தெடுத்தல்

கடையில் முதலில் நிறத்தைப் பார்க்காதீர்கள். டப்பாவின் அருகே விரலை மெல்ல அசைத்தால் மீன் திரும்பிப் பார்க்க வேண்டும். சிலிர்த்துச் செவுள் மூடியை விரித்தால் இன்னும் நல்லது. செதில்கள் உடலோடு படிந்திருக்க வேண்டும், வயிறு உப்பியோ ஒட்டியோ இருக்கக் கூடாது, கண்களில் வெண்படலமோ உடலில் வெண்புள்ளிகளோ பொன்தூள் தூவியது போன்ற படலமோ இருக்கக் கூடாது. டப்பாவின் அடியில் சாய்ந்து கிடக்கும் மீனைப் பார்த்து இரக்கப்பட்டு வாங்குவது முதல்முறை வளர்ப்பவருக்கு வேண்டாம்.

வால் வகைகளில் 180 டிகிரிக்கு அரைவட்டமாக விரியும் 'ஹாஃப்மூன்' அழகில் முதலிடம் பெறும். ஆனால் அந்த வாலின் பாரம் மீனைச் சோர்வடையச் செய்வதால், தன் வாலைத் தானே கடித்துக் குதறும் பழக்கம் அதற்கு அடிக்கடி வருகிறது. 'கிரவுன் டெயில்' வாலின் விளிம்பு முட்கள்போல் நீண்டிருப்பது அதன் இயல்பு. அதை நோயென்று எண்ண வேண்டாம். என் பரிந்துரை, குட்டையான துடுப்பும் திடமான உடலும் கொண்ட 'பிளகட்' வகை. சுறுசுறுப்பாக நீந்தும், துடுப்பு நோய்கள் குறைவு, எளிதில் களைக்காது. நன்றாகத் துள்ளும் என்பதால் மூடியில் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். பெண் மீன்களும் தனியே வளர்க்க ஏற்றவையே, யாரும் கேட்பதில்லை.

ஆறாம் படி: வீட்டுக்குக் கொண்டுவருதல்

கவரை வெயில் படாமல் ஒரு துணிப்பையில் வைத்துக் கொண்டுவாருங்கள். வீட்டில் தொட்டி விளக்கை அணைத்துவிட்டு, கவரைக் கட்டு அவிழ்க்காமல் 15 நிமிடம் தொட்டி நீரில் மிதக்க விடுங்கள். பிறகு திறந்து, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அரை டம்ளர் தொட்டி நீரைக் கவருக்குள் சேர்த்து வாருங்கள்; அரை மணி நேரத்தில் மீன் புதுத் தண்ணீருக்குப் பழகிவிடும். மீனை மட்டும் மென்வலையாலோ சிறு கிண்ணத்தாலோ மாற்றுங்கள். கடைத் தண்ணீரை உங்கள் தொட்டியில் ஊற்றக் கூடாது.

முதல் நாள் உணவு வேண்டாம். மீன் ஒரு மூலையில் ஒளிந்தால் கண்ணாடியைத் தட்டி அழைக்காதீர்கள். மறுநாளோ மூன்றாம் நாளோ அது தானாகவே நீங்கள் நிற்கும் பக்கம் வந்து பார்க்கத் தொடங்கும். இரவில் இலையின் மேல் சாய்ந்து அசையாமல் கிடந்தால் பதற வேண்டாம், தூங்குகிறது. விளக்கு நாளுக்கு எட்டு மணி நேரம் போதும்.

உணவு

மேல்நோக்கித் திறக்கும் வாயைப் பார்த்தாலே இது நீர்ப்பரப்பில் விழும் பூச்சிகளை உண்ணும் மீன் என்று தெரியும். கோயில் தெப்பக்குளத்து மீன்களுக்குப் பொரி போட்டுப் பழகிய கை நமக்கு. அந்தக் கையைப் பெட்டா தொட்டியில் கட்டுப்படுத்த வேண்டும். பொரி, சோறு, ரொட்டி, பிஸ்கட் எதுவும் அதற்கு ஆகாது. புரதம் 40 விழுக்காட்டுக்குக் குறையாத, பெட்டாவுக்கென்றே செய்த சிறு உருண்டைத் தீவனம் வாங்குங்கள். காலையில் இரண்டு மூன்று, மாலையில் இரண்டு மூன்று. அதன் இரைப்பை ஏறக்குறைய அதன் கண்ணளவுதான் என்பார்கள். அளவு மறந்துபோகும்போது அந்தக் கண்ணைப் பாருங்கள். ஐந்து நிமிடத்தில் தின்னாததை எடுத்துவிடுங்கள். வாரத்தில் ஒருநாள் பட்டினி நல்லது.

வாரம் இருமுறை உறைய வைத்த ஆர்ட்டீமியா, டாஃப்னியா என்ற நுண்ணிய நீர்வாழ் உயிரிகளையோ இரத்தப் புழுவையோ கொடுத்தால் நிறமும் சுறுசுறுப்பும் கூடும். சாக்கடையோரங்களில் அள்ளி உயிரோடு விற்கப்படும் டியூபிஃபெக்ஸ் புழுவை நான் கொடுப்பதில்லை. அதோடு வரும் நோய்க்கிருமிகளை எத்தனை முறை கழுவினாலும் நீக்க முடியாது. கொசுப்புழு பெட்டாவுக்கு அமுதம். மாடியில் மறந்துபோன வாளியில் கண்டால் வடிகட்டி எடுத்துப் போட்டுவிட்டு, அன்றே வாளியைக் கவிழ்த்துவிடுங்கள். மீனுக்காகவென்று கொசுப்புழுவை வளர்க்க ஆரம்பித்தால், நம் வெயிலில் ஒரு வாரம் பத்து நாளில் அது கொசுவாகிப் பறந்து, வீட்டுக்கு டெங்குவைக் கொண்டுவரும்.

ஊருக்குப் போகும்போது, நலமாக உள்ள வளர்ந்த பெட்டா நான்கைந்து நாள் உணவின்றித் தாராளமாக இருக்கும். அதற்கு மேல் போகிறீர்கள் என்றால், ஒரு வேளைக்கான உணவைத் தனித்தனித் தாளில் மடித்து அண்டை வீட்டாரிடம் கொடுங்கள். டப்பாவை அப்படியே கொடுத்தால் அன்பு மிகுதியால் ஒரு கைப்பிடி போட்டுவிடுவார்கள்.

வாரந்தோறும் செய்ய வேண்டியவை

வாரம் ஒருமுறை கால் பங்குத் தண்ணீரை மாற்ற வேண்டும். சிறு குழாயால் சரளையின் மேல் தங்கிய கழிவை உறிஞ்சி வெளியேற்றி, அதே வெப்பநிலையில் குளோரின் நீக்கிய தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். மேலே நுரைக்குமிழிகள் திரண்டிருந்தால் அது ஆண் மீன் முட்டைக்காகக் கட்டும் கூடு; பெண் மீன் இல்லாவிட்டாலும் கட்டும். முடிந்தவரை கலைக்காமல் வேலையை முடியுங்கள்.

ஆவியாகிக் குறைந்த தண்ணீரை நிரப்புவதும் தண்ணீர் மாற்றுவதும் ஒன்றல்ல. ஆவியாவது தண்ணீர் மட்டும். உப்புகள் தொட்டியிலேயே தங்குகின்றன. போர்வெல் தண்ணீரை மேலும் மேலும் நிரப்பிக்கொண்டே வந்தால், அடிபிடித்த பாத்திரம்போல் கண்ணாடியின் விளிம்பில் வெள்ளைப் படிவு ஏறுவதைக் காணலாம். தண்ணீரிலும் அதுவே நடக்கிறது.

மாதம் ஒருமுறை, தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரிலேயே ஸ்பாஞ்சை இரண்டு மூன்று முறை பிழிந்து கழுவுங்கள். குழாயடியில் கழுவினால் குளோரின் பட்டு நுண்ணுயிர்கள் இறந்து, நான்காம் படியின் உழைப்பு ஒரு நிமிடத்தில் போய்விடும். மாதம் ஒருமுறை மீனை டம்ளரில் எடுத்து வைத்து, தொட்டியைச் சோப்புப் போட்டுத் தேய்த்து, வெயிலில் காயவைக்கும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. தூய்மையின் பெயரில் மீனுக்குச் செய்யும் பெருந்தீங்கு அதுதான்.

துணை வேண்டுமா?

வேண்டாம். இரண்டு ஆண் பெட்டாக்கள் ஒரே தொட்டியில் இருந்தால் ஒன்று சாகும் அல்லது இரண்டும் குதறப்படும். ஆணோடு பெண்ணை நிரந்தரமாகச் சேர்த்து வைப்பதும் முடியாது. முட்டையிடும் சில நாட்களுக்கு அப்பால் ஆண் அதை விரட்டிக் கடிக்கும். கப்பி மீனின் வண்ண வாலைப் பெட்டா இன்னொரு ஆணாக எண்ணிக்கொள்ளும். 20 லிட்டரில் ஒரு நெரைட் நத்தை மட்டும் சேர்க்கலாம். கண்ணாடி காட்டிச் சண்டைக்கு இழுப்பதை விருந்தாளிகளுக்கான வேடிக்கையாக வைத்துக்கொள்ளாதீர்கள். ஓரிரு நிமிடம் என்றால் அது உடற்பயிற்சி, அதற்கு மேல் சித்திரவதை.

நோய் கண்டால்

எந்த அறிகுறியானாலும் முதல் வேலை தண்ணீரைச் சோதிப்பது, இரண்டாவது வேலை தண்ணீரை மாற்றுவது. மருந்து மூன்றாவதாகத்தான் வரும்; பெரும்பாலான நேரங்களில் அதற்குத் தேவையே இருக்காது.

துடுப்பின் விளிம்பு கருத்தோ வெளுத்தோ கரைந்துகொண்டே வந்தால் அது துடுப்பழுகல். தொடக்க நிலையில் ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் மாற்றி, லிட்டருக்கு ஒரு கிராம் என அயோடின் சேராத கல்லுப்பைத் தனியே கரைத்துச் சேர்த்தால் ஒரு வாரத்தில் நின்றுவிடும்; பின்னர் நிறமற்ற மெல்லிய புதுத் துடுப்பு வளர்வதைக் காணலாம். உப்பு ஆவியாகாது, எடுத்த தண்ணீருக்கு ஏற்ற அளவு மட்டும் மீண்டும் சேருங்கள், பத்து நாளுக்கு மேல் தொடர வேண்டாம். உடலெங்கும் ரவை தூவியதுபோல் வெண்புள்ளிகள் தெரிந்தால் அது வெண்புள்ளி நோய். வெப்பத்தை ஒரு நாளுக்கு ஒரு டிகிரி வீதம் 30 வரை உயர்த்திப் பத்து நாள் வைத்திருப்பதோடு, கடையில் கிடைக்கும் வெண்புள்ளி மருந்தையும் குறித்த அளவில் தரலாம். புள்ளிகள் மறைந்ததும் நிறுத்திவிடக் கூடாது. ஒட்டுண்ணியின் அடுத்த தலைமுறை சரளையில் காத்திருக்கும். டார்ச் ஒளியில் பொன்தூள்போல் மின்னினால் அது வெல்வெட் நோய். தொட்டியை இருட்டாக்கி, உரிய மருந்தைத் தாமதமின்றித் தொடங்க வேண்டும்.

வயிறு உப்பி மீன் சாய்ந்து நீந்தினால் பெரும்பாலும் அது அதிக உணவின் விளைவு. இரண்டு மூன்று நாள் பட்டினி போட்டுவிட்டு டாஃப்னியா கொடுத்துப் பாருங்கள். ஆனால் வயிறு வீங்கி, மேலிருந்து பார்க்கும்போது செதில்கள் அன்னாசிப் பழத் தோல்போல் சிலிர்த்து நின்றால் உள்ளுறுப்புகள் செயலிழக்கத் தொடங்கிவிட்டன. அந்நிலையிலிருந்து மீள்வது அரிது.

மனிதர்களுக்கான டெட்ராசைக்ளின் காப்ஸ்யூலை உடைத்துத் தொட்டியில் கொட்டும் வழக்கம் இன்றும் இருக்கிறது. அது வடிகட்டியின் நுண்ணுயிர்களை அழிக்கிறது, மருந்துக்கு அடங்காத கிருமிகளை வளர்க்கிறது. மெத்திலீன் ப்ளூ போன்ற மீன் மருந்துகளைப் பயன்படுத்த நேர்ந்தால், ஐந்து லிட்டர் தனி டப்பாவில் மீனை மாற்றி வைத்து, நாள்தோறும் தண்ணீர் மாற்றிச் சிகிச்சை செய்யுங்கள்.

மீன் வளர்க்க முடியாத சூழ்நிலை வந்தால் ஏரியிலோ குளத்திலோ விட்டுவிடாதீர்கள். தொட்டிகளிலிருந்து வெளியே விடப்பட்ட சக்கர் மீன்கள் இன்று தமிழக நீர்நிலைகளில் மீனவர் வலைகளைக் கிழிக்கும் தொல்லையாகிவிட்டன. கடைக்காரரிடமோ வளர்க்கும் நண்பரிடமோ ஒப்படைத்துவிடுங்கள்.

முதிர்ந்த மீன்

நல்ல தொட்டியில் பெட்டா மூன்று ஆண்டுகள் வாழும், சில நான்கையும் தாண்டும். கடைக்கு வரும்போதே அதற்குப் பல மாத வயது ஆகியிருக்கும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். இரண்டரை ஆண்டுக்குப் பிறகு நிறம் மங்கும், முதுகு சற்றுக் கூனும், உணவைக் குறிபார்த்துக் கவ்வுவதில் தவறும். அப்போது நீர்மட்டத்தை மூன்றில் இரண்டு பங்காகக் குறைத்தால் காற்றுக்காக மேலே வரும் தூரம் குறையும். குமிழியின் வேகத்தையும் குறையுங்கள். உருண்டைத் தீவனத்தைத் தொட்டி நீரில் ஒரு நிமிடம் ஊறவைத்து, எப்போதும் ஒரே மூலையில் போடுங்கள். பார்வை மங்கினாலும் இடம் அதற்கு நினைவிருக்கும். நீர்ப்பரப்புக்கு இரண்டு அங்குலம் கீழே அகன்ற அனுபியாஸ் இலை ஒன்று இருக்கும்படி கல்லை உயர்த்தி வைத்தால், பகலின் பெரும்பகுதியை அது அந்த இலையில் சாய்ந்தே கழிக்கும்.